ஆய்வேட்டில் காப்பி அடித்தவர் அமைச்சராக நீடிக்கலாமா?

தென்றல்77 (கேள்வி):
ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம். ஜெர்மனியில் குட்டன்பெர்க் என்று ஒரு பாதுகாப்பு அமைச்சர் இருந்தார். 2011இல் அவருக்கு 39 வயதுதான், ஆனால் நாட்டிலேயே அதிக செல்வாக்கு அவருக்குத்தான், அடுத்த சான்சலர் (நம் ஊர் பிரதமர் மாதிரி) இவர்தான் என்றே பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த பிப்ரவரியில், 2007இல் பாய்ரூத் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் பக்கம் பக்கமாகக் காப்பி இருப்பதாகச் செய்தி வந்தது. இரண்டே வாரத்தில், மார்ச் 1ஆம் தேதி, பதவி விலகிவிட்டார்.

அவர் லஞ்சம் வாங்கவில்லை, அரசுப் பணத்தில் கை வைக்கவில்லை. ஆய்வேடும் அமைச்சராவதற்கு முன்பு எழுதியது. நான் பாதுகாப்பு அமைச்சரைத்தான் நியமித்தேன், ஆராய்ச்சி உதவியாளரை அல்ல என்கிற பொருளில் அப்போது சான்சலராக இருந்த மெர்க்கெல் சொன்னார். முதலில் படித்தபோது அது சரிதான் என்று எனக்குப் பட்டது, இப்போது யோசித்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்காடு:
என்னைக் கேட்டால் அவர் போயிருக்கக் கூடாது. கட்டாய ராணுவ சேவையை நிறுத்தும் அவ்வளவு பெரிய மாற்றத்தை நடத்திக்கொண்டிருந்த ஆள். ஆப்கானிஸ்தானில் வீரர்கள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது எடுத்த கருத்துக்கணிப்புகளில்கூட பெரும்பாலானோர் அவர் நீடிக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகம் பறிக்கட்டும், அது நியாயம். பதவி வேறு, பட்டம் வேறு. ஒவ்வொருவரும் பழைய காலத்தில் சொன்ன பொய்யைத் தோண்டி எடுத்துப் பதவியைப் பிடுங்க ஆரம்பித்தால், கடைசியில் நாடு யார் கையில் இருக்கும் என்றால், தோண்டத் தெரிந்தவன் கையில்தான் இருக்கும். தப்பானவர் என்று மக்கள் நினைத்தால் தேர்தலில் தோற்கடிக்கட்டும்.

அடிக்குறிப்பு:
கரிசல்காடு நண்பரே, நான் ஆறாவது வருடமாக ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், மன்னியுங்கள். ஒரே ஒரு மேற்கோள் எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சரிபார்க்க மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இவருடைய முன்னுரையின் தொடக்கமே ஒரு செய்தித்தாள் கட்டுரையிலிருந்து எடுத்தது! இணையத்தில் தன்னார்வலர்கள் கூடி வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 393 பக்கத்தில் 371 பக்கங்களில் அடுத்தவர் எழுத்து, 135 மூலங்களிலிருந்து. இதற்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது மிக உயர்ந்த தகுதி நிலை.

சரி, அதை விடுங்கள். நீங்கள் பழைய பொய் என்கிறீர்கள், ஆனால் பொய் 2007இல் நிற்கவில்லையே. செய்தி வந்ததும் குற்றச்சாட்டு அபத்தமானது என்றார். இரண்டு நாள் கழித்துப் பட்டத்தைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார். அப்புறம் நிரந்தரமாக விட்டுவிடுகிறேன் என்றார். தவறுகள் நேர்ந்தன, வேண்டுமென்று செய்யவில்லை என்று நாடாளுமன்றத்தில் நின்று சொன்னார். மே மாதம் பல்கலைக்கழகக் குழு விசாரித்து, தெரிந்தே ஏமாற்றினார் என்று முடிவு சொன்னது. ஆக, அமைச்சராக இருந்துகொண்டே, அமைச்சராக நாடாளுமன்றத்தில் நின்றே உண்மையை மறைத்திருக்கிறார். இதை எப்படி ஐயா அவருடைய சொந்த விஷயம் என்று தள்ளிவிடுவது?

இன்னொன்று, ஜெர்மன் ராணுவத்துக்கென்றே ஹாம்பர்க்கிலும் மியூனிக்கிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் உண்டு, அவை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. அங்கே படிக்கிற இளம் அதிகாரி காப்பி அடித்து மாட்டினால் அவனை எந்த முகத்தோடு தண்டிப்பது? மெர்க்கெல் சொன்னதைக் கேட்டு ஆயிரக்கணக்கான ஆய்வு மாணவர்கள் அவருக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். உழைத்துப் படித்தவர்களை அது எவ்வளவு காயப்படுத்தியது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

பனிக்காலம்:
நான் ஜெர்மனியில்தான் இருக்கிறேன். இதோடு சேர்த்துப் பேச வேண்டியவர் அன்னெட்டெ ஷாவான். அப்போது கல்வி, ஆராய்ச்சி அமைச்சர். குட்டன்பெர்க் விஷயத்தில் வெளிப்படையாகவே வெட்கப்படுகிறேன் என்று சொன்னவர். 2013இல் அவருடைய 1980ஆம் ஆண்டு ஆய்வேட்டிலும் குறை இருக்கிறது என்று டுசல்டார்ஃப் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. நான் ஏமாற்றவில்லை, வழக்குப் போடுவேன் என்றார், ஆனால் நாலே நாளில் பதவியை விட்டுவிட்டார். வழக்கில் தோற்றார் என்பது வேறு கதை. ஆராய்ச்சித் துறை அமைச்சரே பல்கலைக்கழகத்தோடு வழக்காடிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த அம்மா மேல் மரியாதை குறையவில்லை.

தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஃபிரான்சிஸ்கா கிஃபி 2021 மே மாதம் இதே காரணத்துக்காக மத்திய குடும்பநல அமைச்சர் பதவியை விட்டார். ஜூனில் பட்டம் போனது. செப்டம்பரில் பெர்லின் மாநிலத் தேர்தலில் நின்றார், அவர் கட்சி முதலிடம் பிடித்தது, டிசம்பரில் அந்த மாநில அரசுக்குத் தலைவரான மேயர் பதவிக்கு வந்தார்.

கரிசல்காடு:
அப்படியானால் நான் சொன்னதுதானே நடந்திருக்கிறது? மக்கள் முடிவு செய்தார்கள்.

அடிக்குறிப்பு:
இல்லை நண்பரே, முதலில் நாற்காலியை விட்டுவிட்டு அப்புறம் மக்களிடம் போனார். விவரம் எல்லாம் தெரிந்த பிறகு மக்கள் வாக்களித்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குட்டன்பெர்க் விஷயத்தில் அவர் இருக்கட்டும் என்று சொன்னவர்களுக்கு, தெரிந்தே ஏமாற்றினார் என்ற முடிவு அப்போது தெரியாது. அது வந்தது மே மாதத்தில்தான்.

தென்றல்77:
மெர்க்கெல் சொன்னது ஏன் உறுத்திக்கொண்டே இருந்தது என்று இப்போதுதான் பிடிபடுகிறது. ஆப்கானிஸ்தானுக்குப் போகிற வீரனுக்கு அமைச்சர் கொடுக்கிற வாக்கைத் தவிர வேறு என்ன பிடிமானம் இருக்கிறது? அவர் வேலையில் பாதி அந்த வாக்குதான். கரிசல்காடு சொன்ன பயம் எனக்கும் இருக்கிறது, தோண்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் செய்தி வந்த முதல் நாளே ஆமாம், காப்பி அடித்தேன் என்று சொல்லியிருந்தால் அவர் நீடிக்கட்டும் என்று நானே வாதாடியிருப்பேன்.

பனிக்காலம்:
பின்னாளில் குட்டன்பெர்க் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வேறு தலைப்பில் மறுபடி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.