காக்டெய்ல் கிளிக்கு விசில் பழக்குவது எப்படி?

தறிவீடு, அம்மாபேட்டை:
வணக்கம். எங்கள் வீட்டில் சாம்பல் நிற காக்டெய்ல் ஒன்று வளர்கிறது, ஐந்து மாதக் குஞ்சு. விசில் சத்தத்தைப் போனில் பதிவு செய்து நாள் முழுக்க ஓடவிடுகிறேன், காதிலேயே வாங்க மாட்டேன் என்கிறது. ஆனால் குக்கர் விசிலை மட்டும் அச்சு அசலாக அடிக்கிறது. பக்கத்தில் ஓடும் தறிச் சத்தம்தான் காரணமா? பச்சைக்கிளி வாங்கியிருந்தால் இந்நேரம் பேசியிருக்கும் என்கிறார்கள் வீட்டில்.

ஏற்காட்டுக்காரன்:
தறி மேல் பழி போடாதீர்கள். குக்கர் விசில் அடித்ததும் யாராவது எழுந்து ஓடுகிறீர்கள் இல்லையா, அதை அது பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஆளை வரவைக்கிற சத்தம் என்று தெரிந்தால் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் கூட்டமாகத் திரிகிற இனம் அது, இங்கே நீங்கள்தான் அதற்குக் கூட்டம். போனை அணைத்துவிட்டு, காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு சின்ன மெட்டை விசிலடியுங்கள். கொண்டை பாதி நிமிர்ந்து, தலையைச் சாய்த்து அசையாமல் நின்றால் கேட்கிறது என்று அர்த்தம். கொண்டை தலையோடு படிந்து சீறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் சில நாளில் அரைகுறையாக முனக ஆரம்பிக்கும், அப்போது உடனே பதிலுக்கு நீங்களும் அடித்து ஒரு தினைக்கதிர் கொடுங்கள்.

கூண்டுப்பறவை, செவ்வாய்ப்பேட்டை:
பெண் பெரும்பாலும் விசிலடிக்காது. இந்த வயதில் பார்த்துச் சொல்வது கஷ்டம், முதல் முறை இறகு உதிர்ந்து புது இறகு முளைத்த பிறகு ஆணுக்கு முகம் பளிச்சென்று மஞ்சளாகி, வாலின் அடியில் இருக்கும் பட்டைகள் மறையும். குக்கர் விசில் அடிக்கிறது என்றால் ஆணாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அதைவிட முக்கியம், கூண்டு அடுப்படியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அதிகமாகச் சூடேறினால் வரும் புகை நமக்கு வாசம்கூடத் தெரியாது, பறவை நிமிடங்களில் செத்துவிடும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பச்சைக்கிளி பேச்சே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம், மைனாவும் அப்படித்தான்.

தறிவீடு, அம்மாபேட்டை:
கூண்டை ஹாலுக்கு மாற்றிவிட்டேன், இருவருக்கும் நன்றி. சாயங்காலம் தறி ஓடும், அந்த இரைச்சலில் என் விசில் அதற்குக் கேட்குமா?

ஏற்காட்டுக்காரன்:
கேட்கும், ஆனால் கவனம் சிதறும். விடிந்ததும் தறி ஓட ஆரம்பிக்கும் முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள், அது போதும்.