சைக்காலஜி படிப்பில் ரிசர்ச் மெத்தட்ஸ் எதற்கு? குமரி மாவட்டத்துக்காரர்களின் அனுபவங்கள்

குளச்சல் பக்கத்திலிருந்து:

சைக்காலஜி சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "நாங்க கவுன்சிலிங்தானே பண்ணப் போறோம், ஆராய்ச்சி எப்படிச் செய்யணும்னு சொல்லித் தர்ற இந்த ரிசர்ச் மெத்தட்ஸ் பேப்பர் எதுக்கு?" என்பதுதான். அந்தப் பேப்பர் கட்டாயமாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. கடந்த 2 வாரத்தில் உறக்கம் எப்படி, பசி எப்படி, சோர்வு எப்படி என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27, அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கடலோரப் பெண்களிடம் இதைக் கேட்க எங்கள் குழுவுக்கு ஆசை. மெத்தட்ஸ் எடுத்த மேடம் விடவில்லை. முதலில் நாலைந்து பேரிடம் மட்டும் கேளுங்கள், ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு எப்படிப் புரிகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், அதுவரை சர்வே கிடையாது என்றுவிட்டார்.

முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் உறக்கம் பற்றிக் கேட்டோம். "வீட்டுக்காரரு தங்குகடலுக்குப் போயிருக்காரு மோளே, ஆளு கரை சேருற வரைக்கும் யாருக்கு உறக்கம் வரும்?" என்றார். சோர்வா? விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாக ஊர் ஊராக நடந்து விற்கிறவருக்குச் சோர்வு இல்லாத நாள் ஏது? பசியும் அப்படித்தான், யாவாரம் முடிந்தால்தான் சாப்பாடு. மூன்று கேள்வியிலேயே 9 வந்துவிட்டது! அவருக்கு மனச்சோர்வு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண்ணில் கொஞ்சம் அவர் மனதைப் பற்றியது, கொஞ்சம் அவர் தொழிலைப் பற்றியது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாளால் முடியாது. அளக்க நினைத்ததைத்தான் அந்தத் தாள் அளக்கிறதா என்பதை வேலிடிட்டி என்று நோட்ஸில் நாலு வரி படித்திருந்தோமே, அது இதுதான். இப்படி நாலைந்து பேரிடம் பைலட், அதாவது முன்னோட்டம், பார்க்காமல் நேரே இறங்கியிருந்தால் ஒரு ஊரையே நோயாளிகள் என்று எழுதி புராஜெக்ட் வைத்திருப்போம், மார்க்கும் கிடைத்திருக்கும்.

அந்தத் தாளின் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. யாராவது ஆமாம் என்றால் அடுத்த நிமிடம் என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எப்படி அனுப்புவது, யார் கூடப் போவது என்று எழுதிக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் யார் யாரோ கேள்வித்தாளோடு வந்து அழ அழக் கேட்டுவிட்டுப் போனார்கள், ஒருத்தரும் திரும்பி வரவில்லை என்று அதே தெருவில் ஒரு பாட்டி சொன்னதை இப்போதும் மறக்க முடியவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

நான் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர். ஞாபகசக்திப் பயிற்சி தருகிறோம் என்று ஒரு குழு வந்தது. வகுப்பில் கடைசியில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் எடுத்து, பயிற்சிக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று கிராஃப் காட்டினார்கள். பெற்றோர் பணம் கட்டத் தயார். பயிற்சி எடுக்காத, அதே அளவு மார்க் உள்ள பிள்ளைகள் அந்த மாதத்தில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. ஒரு பரீட்சையில் மிகக் குறைவாக எடுத்தவர்களைப் பொறுக்கினால் அன்று காய்ச்சலோடு எழுதியவனும் அதில் இருப்பான், அடுத்த பரீட்சையில் ஒன்றும் செய்யாமலே கொஞ்சம் ஏறும். இதைப் பெற்றோருக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன். பெரும்பாலானவர்கள் கட்டவில்லை. எனக்கு இதைச் சொல்லித் தந்தது கவுன்சிலிங் பேப்பர் இல்லை.

குலசேகரத்திலிருந்து:

நான் இப்போது மூன்றாம் வருடம். மார்ஷ்மெல்லோ சோதனையை எல்லோரும் சொல்வார்கள், கொஞ்ச நேரம் பொறுத்தால் இன்னொன்று தருவோம் என்று சொல்லி ஒரு மிட்டாயை வைத்தால், அதைத் தின்னாமல் காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் நன்றாக வரும் என்று. 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது, குடும்பப் பின்னணியையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் இன்னும் சுருங்கிவிட்டது. 2015இல் 100 சைக்காலஜி ஆய்வுகளைத் திரும்பச் செய்ததில் 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு மறுபடியும் தெளிவாக வந்தது. அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை நான், மழை பிடித்தால் வேலை இல்லை. கிடைக்கும்போது எடுத்துக்கொள்கிற குழந்தையைச் சுயக்கட்டுப்பாடு இல்லாதது என்று சொல்லிவிட முடியுமா?

ஆனால் ஒன்று, எங்கள் வகுப்பில் இந்தப் பேப்பரை டெஃபினிஷன் மனப்பாடமாகத்தான் நடத்துகிறார்கள். சீனியர் புராஜெக்டில் ஊர்ப்பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. தங்கையோ தம்பியோ சைக்காலஜி சேரப் போகிறார்கள் என்றால், முதல் வருடத்திலேயே களத்துக்கு அனுப்புவார்களா, தரவைப் பிள்ளைகளே சேகரிக்க வேண்டுமா என்று அட்மிஷன் அன்றே கேட்டுவிடுங்கள்.