மாரத்தான் தன்னார்வலர்கிட்ட ₹500 முன்பணம் வாங்கலாமா?

சிங்காநல்லூர் ஓட்டக்காரர்:
கோவையில காலை 5 மணிக்குக் கிளம்புற ஓட்டத்துக்குத் தன்னார்வலர் 3:30-க்கே வரோணும். பேர் குடுத்துட்டு வராம போயிடறாங்க. பதிவப்பவே ₹500 வாங்கி, வந்தா திருப்பிக் குடுத்துரலாம். ஓடறவங்களுக்குத் தண்ணி குடுக்கற மேசைல அவங்கதான் நிக்கோணும். 20 லிட்டர் கேன்ல, கப்புக்கு 100 மில்லி ஊத்துனா 200 கப் வரும். ஆயிரம் பேருக்கு ஆளுக்கொண்ணுன்னாலே 5 கேன். முதல் ஆள் வர்றதுக்குள்ள ஊத்தி, மேல அட்டை வெச்சு அடுத்த அடுக்கும் அடுக்கிடோணும். ஆறு பேர் வேலைய மூணு பேர் செஞ்சா, கடைசில மெதுவா வர்றவங்களுக்குக் கப்பு இருக்காது. நல்ல வெயில்ல ஓடறவங்களும் அவங்கதான்.

பல்லடம் ரோடு:
ஏனுங்க, 3:30-க்கு எந்த டவுன் பஸ்ஸுங்க ஓடுது? திருப்பூர்ல சனிக்கிழமை ராத்திரி வாரச் சம்பளம் வாங்கிட்டு வீடு சேர்றவங்களுக்கு ஞாயிறு ஒண்ணுதான் லீவு. ₹500 கட்டச் சொன்னா வண்டி வெச்சிருக்கவங்க மட்டும்தான் பேர் குடுப்பாங்க.

சிங்காநல்லூர் ஓட்டக்காரர்:
பஸ் இல்லீங்கறது பேர் குடுக்கறப்பவே தெரியாதுங்களா?

பல்லடம் ரோடு:
எந்த மேசைன்னே ரெண்டு நாள் முந்தித்தானுங்க வாட்ஸ்அப்புல வருது. 42 கிலோமீட்டர் பாதைல அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மேசை. படிவத்துல பின்கோடு கேட்டு, வீட்டுக்குப் பக்கத்து மேசையக் குடுத்தாப் பாதி தீரும். ரோடு அடைச்சதுக்கப்பறம் பைக்கையும் உள்ள விடமாட்டாங்க. அனுமதிச் சீட்டு முந்தின நாளே கையில இருக்கோணும்.

கோபி அக்கா:
கழிப்பறையப் பத்தி யாருமே பேசலையே. நடமாடும் கழிப்பறை பூராவும் தொடங்குற இடத்துல நிக்கும். 15-வது கிலோமீட்டர்ல ஆறு மணி நேரம் நிக்கற பொண்ணு எங்க போவா? பக்கத்துல இருக்கற கல்யாண மண்டபத்துல பேசி, சாவிய மேசைப் பொறுப்பாளர் கையில குடுங்க. முகூர்த்த நாளான்னு காலண்டரப் பாத்துக்கோங்க. நெடுநேரம் நிக்க முடியாதவங்களுக்கு முந்தின நாள் பிப் (ஓடறவங்க சட்டைல குத்திக்கற நம்பர் அட்டை) குடுக்கற வேலை இருக்குதே, அத ஏன் யாரும் சொல்றதில்ல?

சிங்காநல்லூர் ஓட்டக்காரர்:
கழிப்பறை விஷயம் முழுக்கச் சரிங்க அக்கா. ஆனா ஆள் வரலைன்னு கடைசி நிமிஷத்துல கூட்டிட்டு வர்றவங்களுக்குப் பயிற்சி இருக்கறதில்ல. கப்போட மேல்விளிம்ப ரெண்டு விரல்ல புடிச்சுக் கைய நீட்டோணும். முழுக் கையால இறுக்கிப் புடிச்சா ஓடறவர் இழுக்கறப்ப தண்ணி சிந்தி ரோடு வழுக்கும். அதனாலதான் பணம் வேணுங்கறேன். ₹100-னாச்சும் வாங்கலாம்.

பல்லடம் ரோடு:
₹100-உம் வேண்டாமுங்க. காலேஜ்ல என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பசங்களுக்கு வருஷம் 120 மணி நேரக் கணக்கு இருக்குது, வருவாங்க. செமஸ்டர் பரீட்சை வந்தா அவங்களும் இல்ல. வேலைக்குப் போறவங்க வரோணும்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, "எதுல வர்றீங்க"ன்னு கேளுங்க. வண்டி இல்லாதவங்கள ஏரியாவாரியா சேத்து ஒரு வேன் விடுங்க.