தொழிலாளர் படையில் சீனாவை முந்திவிட்டோமா?

கணக்குப்புலி:
"2023இலேயே மக்கள்தொகையில் சீனாவை முந்திவிட்டோம், ஆக உலகின் மிகப் பெரிய தொழிலாளர் படையும் இந்தியாவுடையதே" என்று வெள்ளந்தி நேற்று எழுதியிருக்கிறார். பத்துப் பேர் கைதட்டியும் இருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. தலை எண்ணிக்கை வேறு, வேலைக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கை வேறு. சீனாவில் 2023 முடிவில் வேலையில் இருந்தவர்கள் மட்டும் 74 கோடி. வேலை தேடுபவர்களையும் சேர்த்தால் 77 கோடியைத் தொடும். இந்தியா, எந்தக் கணக்கை எடுத்தாலும், அதற்கு நன்றாகக் கீழேதான்.

வெள்ளந்தி:
வந்துவிட்டார் வாத்தியார்! இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்பவர்கள், தேடுபவர்களின் பங்கு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? சீனாவில் ஆள் பற்றாமல் 2025 ஜனவரியிலிருந்து ஓய்வு வயதை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களுக்கு 60 இனி படிப்படியாக 63.

கணக்குப்புலி:
அந்த 41.7க்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்கள். சொந்த வயலில் களை எடுத்தால் தொழிலாளர், கையில் காசு வராது.

வெள்ளந்தி:
களை எடுப்பது வேலை இல்லையா? எடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். 41.7!

நிதானி:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த 41.7 'வழக்கமான நிலை' அளவுகோலில் வந்தது. ஆண்டில் 30 நாள் துணைவேலை செய்திருந்தாலே அதில் சேர்ந்துவிடலாம். கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் வாராந்திர அளவுகோலில் எண் இறங்கும். எந்த அளவுகோல் என்று முதலில் முடிவு செய்தால்...

கணக்குப்புலி:
பாருங்கள், நிதானியே சொல்கிறார், எண் இறங்குமாம்!

வெள்ளந்தி:
நிதானி என்னைத்தான் ஆதரிக்கிறார். 30 நாள் வேலையும் வேலைதானே.

நிதானி:
நான் யாரையும் ஆதரிக்கவில்லை.

பழையபாக்கி:
கணக்குப்புலி ஐயாவுக்கு ஒரு நினைவூட்டல். வியட்நாம் ஏற்றுமதி விவாதத்தில் ஆதாரம் கேட்டதும் காணாமல் போனவர் நீங்கள். அந்தப் பதில் இன்னும் வரவில்லை. இப்போது சீனாவுக்கு வக்காலத்தா?

கணக்குப்புலி:
எண்ணைச் சொன்னால் வக்காலத்தா? சரி, சீனாவே வேண்டாம், நம் ரிசர்வ் வங்கியின் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24இல் வேலையில் இருந்தவர்கள் 64.33 கோடி. 74 பெரிதா, 64 பெரிதா? அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி அவர்களில் 46 சதவீதம் விவசாயத்தில். சீனாவில் அது கால் பங்குக்கும் கீழே. பெருமை அடிப்பதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள். வியட்நாம் விஷயத்தில் எனக்கு அன்று வேலை இருந்தது.

பழையபாக்கி:
உங்களுக்கு வேலை இருந்ததாம். அதையும் 64.33 கோடியில் சேர்த்துவிட்டார்களா?

வெள்ளந்தி:
2011க்குப் பிறகு இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையே வரவில்லை. தொழிலாளர் கணக்கெடுப்பு தரும் சதவீதத்தை எந்த மக்கள்தொகையின் மேல் பெருக்கி இந்தக் கோடிகள் வந்தன? கணிப்பின் மேல். நான் சொல்வதும் கணிப்புதான், நீங்கள் சொல்வதும் கணிப்புதான்.

கணக்குப்புலி:
கணிப்பில் 10 கோடி ஆள் பிழை வருமா? அப்படியானால் 2023இல் மக்கள்தொகையில் முந்தினோம் என்று குதித்தீர்களே, அதுவும் ஐ.நா.வின் கணிப்புதானே! பெருமைக்கு மட்டும் கணிப்பு இனிக்கும், எண்ணிப் பார்த்தால் கசக்கும். கேட்டது ஒன்றே ஒன்று, 74 பெரிதா, 64 பெரிதா?

வெள்ளந்தி:
41.7.

பழையபாக்கி:
இப்போதுதான் பார்த்தேன். வெள்ளந்தியின் பதிவுக்குக் கைதட்டியவர்கள் ஏழு பேர். 'பத்துப் பேர்' என்று எழுதியவர்தான் நமக்குக் கோடிக்கணக்கு பாடம் எடுக்கிறார்.

கணக்குப்புலி:
நான் பார்த்தபோது பத்து. மூன்று பேர் வெட்கப்பட்டு எடுத்திருப்பார்கள்.

வெள்ளந்தி:
யாரும் எடுக்கவில்லை. நேற்றிலிருந்தே ஏழுதான்.

நிதானி:
'வேலையில் இருப்பவர்' என்பதற்கு இரு நாட்டின் வரையறையையும் யாராவது எடுத்துப் போட்டால்...

பழையபாக்கி:
அது இருக்கட்டும் நிதானி. வியட்நாம் ஆதாரம் எங்கே?