பின் சக்கரத்துக்கு டிரம்மா, டிஸ்க்கா? ஏத்தன் லோடும் ஆரியங்காவு இறக்கமும்

களக்காடு லோடு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஒன்றரை டன் பிக்கப். முன்னால டிஸ்க், பின்னால டிரம். களக்காட்டுல ஏத்தன் வாழைத்தார் ஏத்தி செங்கோட்டை, புளியரை வழியா புனலூர் போற வண்டி. ஆரியங்காவு தாண்டி தென்மலைக்கு இறங்கும்போது பெடல் ரெண்டு விரக்கடை கூடுதலா கீழ போகுது, லைனிங் கருகுற வாடையும் வருது. கொஞ்ச நேரம் ஆறப் போட்டா பெடல் பழையபடி மேல வந்துருது. முன் பேடும் சீக்கிரம் தேயுது. பின்னாலயும் டிஸ்க் மாட்டிரலாம்னு பட்டறையில சொல்லுதாவ. மாட்டலாமா? மாட்டுனா கூட என்னென்ன மாத்தணும்?

அம்பை பட்டறை

நீங்க சொல்றது டிரம் சூட்டுல விரியிறதோட அடையாளம். டிரம் சூடேறினா வெளிப்பக்கமா விரிஞ்சு, உள்ள லைனிங் ஒட்டின ஷூவை விட்டு விலகும். அந்த இடைவெளியை ஷூ எட்டிப் பிடிக்க கூடுதல் ஆயில் போகணும், அதான் பெடல் இறங்குது. ஆறினா சுருங்கிரும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா அது வேற கதை, பிரேக் ஆயில் கொதிச்சு ஆவி கட்டுது. பழசான ஆயில் தண்ணியை இழுத்து வச்சிருக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரியில கொதிக்கும். தண்ணி சேர்ந்தா 140க்கே கொதிச்சிரும். டாட் 4 புதுசுல 230, தண்ணி சேர்ந்தா 155. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மொத்தமா மாத்துங்க.

மலை இறக்கத்துல டிஸ்க் சூட்டை நல்லாத் தாங்கும், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா டிரம்மைக் கழத்தி டிஸ்க்கை மாட்டுறது நாலு போல்ட்டுல முடியிற சோலி இல்ல. டிரம்ல முன்பக்க ஷூவை டிரம் சுத்துற வேகமே உள்ள இழுத்துப் பிடிக்க வைக்கும். அதனால ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் சின்னதா இருந்தாலே போதும். டிஸ்க்ல அந்த உதவி கிடையாது. அதே பிடி வேணும்னா பேடை அமுக்குற காலிப்பர் பிஸ்டன் பெருசா இருக்கணும், அதுக்கு ஆயிலும் கூட வேணும். பெடலுக்குப் பின்னால ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், இப்ப இருக்கிறது அவ்வளவு ஆயிலைத் தள்ளாது, பெடல் இன்னும் கீழதான் போகும். பெரிய மாஸ்டர் போட்டா பெடல் கனக்கும், முன்பக்கப் பிடியும் மாறிரும். சில வண்டியில டிரம் லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிற வால்வு இருக்கும். அதை எடுக்காம டிஸ்க் மாட்டுனா பேடு எப்பவும் உரசிக்கிட்டே ஓடும்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். லோடோட புளியரை ஏத்தத்துல நிறுத்துனா டிரம் கல்லு மாதிரி நிக்கும். காலிப்பர்ல கேபிள் இழுக்கிற டிஸ்க் அந்த அளவுக்கு நிக்காது. டிஸ்க்குக்கு உள்ளயே ஹேண்ட் பிரேக்குக்குன்னு சின்ன டிரம் வச்ச அமைப்பு வேணும். போக, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு. தகுதிச் சான்று (எப்.சி.) சோதனையில மடக்குனா பதில் சொல்ல முடியாது. இசுசூ வி-கிராஸ் மாதிரி விலை கூடின பிக்கப்லயே பின்னால டிரம்தான்.

ஸ்டார்வீல்

முன் பேடு சீக்கிரம் தேயுதுன்னா பின்பக்கம் சரியா வேலை செய்யலைன்னு சந்தேகப்படணும். டிரம்மைக் குத்தம் சொல்லுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க: பின்னால ஸ்பிரிங்ல கூடுதல் பட்டை சேர்த்திருக்கீங்களா? ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்ல பிடிக்கு?

களக்காடு லோடு

ஆமா அண்ணாச்சி, பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேர்த்திருக்கு. ஹேண்ட் பிரேக் பத்து கிளிக் தாண்டித்தான் பிடிக்கு. இடது பின் டயர் உள்பக்கம் கறுப்பா ஈரமாவும் இருக்கு.

ஸ்டார்வீல்

உங்க கோளாறு அங்கதான் இருக்கு. சேஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒரு கம்பியோட லோடு சென்சிங் வால்வு இருக்கும். லோடு ஏறினா சேஸ் தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வால் வீசாம இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நீங்க பட்டை சேர்த்ததுல சேஸ் உசந்து நிக்குது. முழு லோடு ஏறினாலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். பின்னால பாதிப் பிடி, மொத்தச் சுமையும் முன் பேடு மேல. டிஸ்க் மாட்டினாலும் இந்த வால்வு வழியாத்தான் ஆயில் போகணும், அப்பவும் இதே கதைதான். கூடுதல் பட்டையைக் கழத்துங்க, லோடை ஆர்.சி. அளவுக்குள்ள வைங்க. கழத்தின பிறகு கம்பி நீளத்தை சர்வீஸ் புத்தக அளவுக்கு வச்சுப் பாருங்க, கண் அளவுல திருக வேண்டாம்.

இடது டயர் ஈரத்தை விரல்ல தொட்டுப் பாருங்க. தண்ணியா இருந்தா பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ரப்பர் போயிருக்கு. கெட்டியா, கந்தக வாடை அடிச்சா கிரவுன் ஆயில் (பின் ஆக்ஸில் பல்சக்கரத்துக்கு ஊத்துற ஆயில்), ஹப் ஆயில் சீல் போயிருக்கு. சீல் மட்டும் மாத்தாதீங்க. ஆக்ஸில் மேல காத்து வெளிய போக ஒரு சின்ன பிரீதர் மூடி இருக்கும், வயக்காட்டுச் சேறு அதை அடைச்சிரும். உள்ள சூட்டுல காத்துப் போக வழியில்லாம சீல் வழியா ஆயிலைத் தள்ளும். அதைச் சுத்தம் பண்ணாட்டா புது சீலும் சீக்கிரம் ஒழுகும். ஆயில் குடிச்ச லைனிங்கை பெட்ரோல்ல கழுவியோ தீயில காட்டியோ திரும்ப மாட்டக் கூடாது. சூடேறினா ஆயில் மறுபடி கசியும். ரெண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு போடுங்க, இல்லாட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அம்பை பட்டறை

ஷூ டைட் வைக்கிற முறையையும் சொல்லிருதேன், பலபேர் தலைகீழாச் செய்யிறாங்க. முன் சக்கரத்துக்கு கட்டை போட்டு, பின் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கி, கேபிள் நட்டையும் தளர்த்துங்க. டிரம்முக்குப் பின்னால இருக்கிற பேக் பிளேட் தகட்டு ரப்பர் மூடியை எடுத்துட்டு, ஷூவை அகட்டுற நட்சத்திரச் சக்கரத்தை (ஸ்டார்வீல்) ஸ்க்ரூ டிரைவரால வண்டிச் சக்கரம் பூட்டுற வரைக்கும் திருகுங்க. பிறகு லேசா 'சர்'னு உரசிக்கிட்டே சுத்துற அளவுக்கு கிளிக் கிளிக்கா தளர்த்துங்க. பெடலை நாலஞ்சு தரம் மிதிச்சு ஷூ நடுவுக்கு வந்ததும் திரும்பச் சுத்திப் பாருங்க. ரெண்டு பக்கமும் உரசல் ஒரே மாதிரி இருக்கணும்.

கேபிளை அதுக்குப் பிறகுதான் டைட் பண்ணணும். முதல்ல கேபிளை இழுத்துட்டா ஷூ லீவர் பாதி இழுத்த நிலையிலயே நிக்கும், தானா டைட் வைக்கிற அட்ஜஸ்டரும் ஓடாது. உங்க பத்து கிளிக்கை மறைக்க யாராவது கேபிளை மட்டும் இழுத்தா இறக்கத்துல பெடல் இன்னும் மோசமாகும்.

தென்காசி 76

எந்த பிரேக்கா இருந்தாலும் இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாலயே ரெண்டாம் கியர், மூணாம் கியர்ல போட்டுருங்க. பெடல் மேல காலை வச்சே இறங்காதீங்க, அமுக்கி வேகத்தைக் குறைச்சு முழுசா விடுங்க. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல, இன்ஜினை அணைச்சு இறங்குறது ரொம்ப ஆபத்து. இன்ஜின் நின்னா, மிதிக்கு பலம் கூட்டுற பூஸ்டருக்கு வாக்குவம் வராது. ரெண்டு மூணு மிதிக்குள்ள இருக்கிறதும் தீந்து பெடல் கட்டை மாதிரி ஆயிரும்.

களக்காடு லோடு

நன்றி அண்ணாச்சி. தொட்டுப் பாத்தேன், கிரவுன் ஆயில்தான். பட்டையையும் கழத்திருதேன். டிரம் விளிம்புல கரை கட்டியிருக்கு, நடுவுல நீலம் பாஞ்ச புள்ளிகளும் இருக்கு. லேத்துல கொடுத்துக் கடையலாமா?

அம்பை பட்டறை

டிரம்லயே மேக்ஸ் டயான்னு, அதிகபட்ச உள்விட்டம், ஒரு அளவு வார்த்திருக்கும். கடைஞ்ச பிறகு உள்விட்டம் அதைத் தாண்டக் கூடாது, தாண்டும்னா புது டிரம்தான். நீலப் புள்ளி சூட்டுல இரும்பு இறுகுன இடம். லேத் ஊசி அதுல எகிறி மேடு விட்டுரும், மிதிக்கும்போது பெடல் துடிக்கும். உங்க டிரம்ல புள்ளி நிறைய இருந்தா ரெண்டையும் மாத்திருங்க. கரையால டிரம் வெளிய வராட்டா சுத்தியலால அடிக்காதீங்க. நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்திட்டு, டிரம் முகத்துல இருக்கிற ரெண்டு மரை ஓட்டையில போல்ட் விட்டு மாறி மாறித் திருகுனா தானா கழண்டு வரும்.