லாஸ் க்ரூடோஸ் உங்களுக்கு எப்படி அறிமுகம்? – அனுபவப் பகிர்வு

வடகரையான்:

சிகாகோவில் பில்சன் பகுதியில், 18ஆம் தெருவுக்குப் பக்கத்தில் சில வருஷம் வாடகைக்கு இருந்தேன். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்த பெயர் அது. பிறகு மெக்சிகோக்காரர்களின் பேட்டையாக மாறிவிட்டது. எங்கே திரும்பினாலும் சுவர் ஓவியம். எங்கள் மாடியில் இருந்தவர் பள்ளி வாத்தியார், ஐம்பதை நெருங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலேயிருந்து வரும் சத்தத்தை யாரோ சண்டை போடுகிறார்கள் என்றே நினைத்தேன். ஒருநாள் படியில் பார்த்துக் கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஓர் இசைத்தட்டைப் போட்டார். "எங்க தெருப் பையன்கள்" என்றார். லாஸ் க்ரூடோஸ் என்ற பங்க் பாண்ட்.

பல பாட்டுகள் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. தட்டின் உறைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்து வெளுத்திருந்தது. ஸ்பானிஷ் வரியில் விரலை வைத்து எனக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்ல ஆரம்பிப்பார். நாலு வரி சொல்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைப்பார். அன்று சாயங்காலம் முழுக்க இதுதான் நடந்தது.

பாடகர் மார்ட்டின் சொரொண்டெகி உருகுவேயில், மொண்டெவிடியோவில் பிறந்து சின்ன வயதிலேயே சிகாகோ வந்து வளர்ந்தவர். கிடார் ஹோசே காசாஸ். 1991இல் ஆரம்பித்து 1998இல் பிரிந்தார்கள். படுவேகமாக வாசித்துக் கத்திப் பாடும் ராக் வகையான அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் அப்போது பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்களின் ஆங்கிலக் கூச்சல். அதன் நடுவே நின்று இவர்கள் ஸ்பானிஷில் பாடினார்கள். காலத்தையும் பாருங்கள். 1994 ஜனவரி 1 அன்று வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வருகிறது. அதே நாளில் மெக்சிகோவின் சியாபாஸில் பழங்குடி மக்களின் கிளர்ச்சிப் படையான சபாடிஸ்டாக்கள் எழுகிறார்கள். அந்த நவம்பரில் கலிபோர்னியா மக்கள் 187ஆம் தீர்மானத்துக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைக்கிறார்கள். ஆவணம் இல்லாத குடியேறிகளுக்கு அரசுப் பள்ளிக்கூடம் கிடையாது, அவசர சிகிச்சை தவிர வேறு மருத்துவ உதவி கிடையாது என்ற தீர்மானம் அது. பிற்பாடு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் பதினாறு வயதில் இருந்த வாத்தியாருக்கு, தொலைக்காட்சியைப் போட்டாலே தன் குடும்பத்தைத் திட்டுகிற மாதிரி இருந்ததாம். அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் நிலவறையில் இவர்கள் வாசிப்பதைக் கேட்கப் போயிருக்கிறார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம்: மார்ட்டின் பாட்டுக்குப் பாட்டு நின்று பேசுவார். ஸ்பானிஷ் தெரியாத கூட்டமென்றால், இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். தங்களை இழிவாகக் குறித்த இனவசைச் சொல்லையே எடுத்துத் தலைப்பில் வைத்து, ஆங்கிலத்தில் ஒரே ஒரு பாட்டுப் போட்டார்கள். மற்றபடி மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. கேட்க வந்தவரையும் விட்டுவிடவில்லை. இவர்கள் விட்டுப்போனதில் பெரியது அதுதான் என்பேன். வேகமாக வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பிரிந்த பிறகும் அவ்வப்போது ஒன்றுசேர்ந்து வாசிக்கிறார்கள். அப்படி ஒரு இரவு வாத்தியாரோடு நானும் போனேன். மார்ட்டின் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். மைக் அவர் கையில் இருந்ததைவிட அடுத்தவர் கையில் இருந்த நேரம்தான் அதிகம். பக்கத்தில் ஒரு அம்மா, காதுக்கு மூடி போட்ட மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் கத்திக்கொண்டிருந்தார். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

நெய்தல்:

அண்ணா, எனக்கு இவர்கள் அறிமுகமானது ஒரு படத்தின் மூலம். அமெரிக்காவில் லத்தீன், சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) பங்க் எப்படி வளர்ந்தது என்று மார்ட்டினே 1999இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார், 'மாஸ் அயா தே லோஸ் கிரித்தோஸ்'. நான் லாஸ் ஏஞ்சலஸில் படித்தபோது ஒரு சின்ன அறையில் திரையிட்டார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் 70களின் கடைசியிலேயே இப்படிப் பாண்டுகள் இருந்திருக்கின்றன என்பதே எனக்குப் புதுச் செய்தி.

படம் முடிந்த பிறகு பேசிக்கொண்டிருந்தபோதுதான் மார்ட்டின் தன்பால் ஈர்ப்பாளர் என்று தெரிந்தது. க்ரூடோஸ் முடிந்த கையோடு லிம்ப் ரிஸ்ட் என்ற பாண்டை ஆரம்பித்திருக்கிறார். ஹார்ட்கோர் கூட்டத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே ஆம்பளைத்தனம் எவ்வளவு கனமாக இருக்கும் என்று. அதே மேடையில், அதே வேகத்தில், தன் காதலையும் ஆசையையும் ஒளிக்காமல் பாட்டாக்கியவர் அவர். நான் அதுவரை யாரிடமும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. அன்றிரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கூட வந்த நண்பனிடம் சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பாண்டோட தட்டு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். இன்றைக்கும் நெருக்கமான நண்பன்.

தவில்காரி:

நான் ஓக்லண்டில் ஒரு பாண்டில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாண்டான ஸ்பிட்பாயும் க்ரூடோஸும் சேர்ந்து 1995இல் ஒரு தட்டுப் போட்டார்கள், ஆளுக்கொரு பக்கம். ஸ்பிட்பாய் தனியாகப் போட்ட 'மி குவெர்போ எஸ் மியோ' என்ற தட்டுக்கு ஸ்பானிஷில் பெயர் வைத்ததற்காக, அடுத்தவர் பண்பாட்டைத் திருடுகிறீர்கள் என்று ஸ்பிட்பாய்மீது புகார் வந்தது. அவர்களுடைய டிரம்மர் மிஷெல் கோன்சாலஸ் மெக்சிகோ வம்சாவளி! வெள்ளையர் நிறைந்த கூட்டத்தில் அவர் யார் என்று யாருக்கும் கண்ணில் படவே இல்லை. பிற்பாடு அவரே இதை விரிவாக எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் பாண்டில் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான். வீட்டு வாடகை ஏற்றியதைப் பற்றி ஒரு பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மற்றவர்கள் உச்சரிப்பைப் பழகிக்கொண்டார்கள், அதிலும் பேஸ் வாசிப்பவள் 'ழ'வை விடாமல் பிடித்துவிட்டாள். ஆனால் அர்த்தத்தை விளக்கினால் வேகம் போய்விடும் என்று தயங்கினார்கள். க்ரூடோஸ் நிகழ்ச்சியின் பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பேச்சு முடிந்து முதல் அடி விழும்போது கூட்டம் எப்படிப் பாய்கிறது என்று பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இப்போது நான்தான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று பேசுகிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு: மொத்தப் பாட்டுகளையும் தொகுத்து மேக்சிமம் ராக்அண்ட்ரோல் பத்திரிகை 2015இல் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. நேரமில்லை என்றால் 1996இல் வந்த 'கான்சியோனெஸ் பாரா லிபெரார் நுவெஸ்த்ராஸ் ஃப்ரொந்தேராஸ்' போதும். 'அசெசினோஸ்' பாட்டை மட்டும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். லத்தீன் அமெரிக்க ராணுவ ஆட்சிகள் காணாமல் ஆக்கிய மனிதர்களைப் பற்றியது.

90களில் இவர்களை நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? முக்கியமாக, மெக்சிகோவில் வாசித்தபோது பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அங்கே விளக்கம் தேவைப்படாத கூட்டத்தின் முன்னால் மார்ட்டின் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள ஆசை.