பலர் பகிரும் சிசிகேஷ் கோப்புறை: அனுமதிகளில் நீங்கள் கண்டது என்ன?

கட்டுமானி

எங்கள் பில்டு சர்வரில் அனைவருக்கும் ஒரே சிசிகேஷ் (ஒருமுறை கம்பைல் செய்த முடிவைச் சேமித்துவைத்து மீண்டும் தரும் கருவி) கோப்புறைதான். தனிக் குழு அமைத்து, மேல்கோப்புறைக்கு 2775 (உரிமையாளரும் குழுவும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) கொடுத்திருந்தோம். அப்படியிருந்தும் கம்பைல் நேரம் கூடிக்கொண்டே போனது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கேஷில் எழுத முடியாவிட்டால் சிசிகேஷ் ஓசையின்றி உண்மையான கம்பைலரை ஓட்டிவிடும். உள்ளே பட்டியலிட்டபோதுதான் காரணம் தெரிந்தது: 0 முதல் எஃப் வரையான 16 உட்கோப்புறைகளில் சில, குழுவின் பெயர் சரியாக இருந்தும், 2700 (உரிமையாளருக்கு மட்டும்) அனுமதியுடன் நின்றன. அவற்றை முதலில் உருவாக்கியவரின் யூமாஸ்க் (புதிய கோப்புகளிலிருந்து நீக்கப்படும் அனுமதிகளைக் குறிக்கும் எண்) 077. செட்ஜிஐடி (2775-இன் முதல் 2) குழுவை மட்டுமே கீழே கடத்துகிறது. படிக்கவும் எழுதவும் உரிய உரிமையை அந்தந்தப் பயனரின் யூமாஸ்க் தீர்மானிக்கிறது. கேஷ் கோப்புறையிலுள்ள கான்ஃபிக் கோப்பில் யூமாஸ்க் 002 என எழுதி, பழைய கோப்புறைகளுக்கு 2775, கோப்புகளுக்கு 664 கொடுத்த பிறகு சரியானது. இத்தனை பேர் புழங்கும் சர்வரில் இது யார் கண்ணிலும் படாமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது.

வட்டுக்காவல்

நான் போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கோப்புறைகள் வரை 1777 (அனைவரும் எழுதலாம்; முதல் 1 ஸ்டிக்கி பிட்) போட்டிருந்தார்கள். அனைவராலும் எழுத முடிந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. வட்டு நிரம்பிய அன்று பார்த்தால், கேஷ் தன் மேல்வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வரம்பை எட்டும்போது யாருடைய பில்டு ஓடுகிறதோ அவருடைய கணக்கில்தான் பழைய கோப்புகள் அழிக்கப்படுகின்றன. ஸ்டிக்கி பிட் இருந்தால் பிறர் கோப்பை அவரால் அழிக்க முடியாது.

மூலநிரல்

முதல் பதிவருடன் என்னால் உடன்பட முடியவில்லை. குழுவுக்கு எழுதும் உரிமை தருவது, குழுவிலுள்ள எவரும் பிறருடைய பைனரிக்குள் தாம் விரும்பிய ஆப்ஜெக்ட் கோப்பை (கம்பைலர் தரும் இடைநிலைக் கோப்பு) நுழைக்கலாம் என்று அனுமதிப்பதற்குச் சமம். எங்கள் அலுவலகத்தில் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை எடுத்தபோது, வேலையை விட்டுச் சென்றுவிட்ட ஓர் ஒப்பந்தப் பணியாளரின் கணக்கு அதில் உயிரோடு இருந்தது. வாடிக்கையாளருக்குப் போகும் வெளியீடும் அதே கேஷிலிருந்துதான் கட்டப்பட்டு வந்தது.

ஆகவே, தானியங்கி பில்டுக்கான ஒரே கணக்கு மட்டும் எழுதட்டும். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்) போதும். மற்றவர்கள் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) அமைப்பை இயக்கிக்கொள்ளட்டும். இதில் ஒரு விலை உண்டு: கேஷில் கிடைத்த கோப்பின் நேரக்குறியைப் புதுப்பிக்கவும் எழுதும் உரிமை தேவை என்பதால், டெவலப்பர்கள் அடிக்கடி எடுக்கும் கோப்புகூடப் பழையதாகக் கருதப்பட்டு முதலில் அழிக்கப்படலாம், மேல்வரம்பைத் தாராளமாக வையுங்கள். வெளியீட்டு பில்டில் சிசிகேஷையே அணைத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஹோம் கோப்புறையிலிருந்து கம்பைல் செய்பவர்களானால் பேஸ்-டிர் அமைப்பையும் (முழுப் பாதைகளைச் சார்புப் பாதைகளாக மாற்றுவது) பாருங்கள்; முழுப் பாதைகள் வேறுபட்டால், அனுமதிகள் சரியாக இருந்தாலும் ஒருவர் சேமித்தது இன்னொருவருக்குக் கிடைக்காது.

கட்டுமானி

எங்கள் குழுவில் உள்ள அனைவருக்கும் அந்த சர்வரில் சூடோ உரிமை (நிர்வாகியாகச் செயல்படும் உரிமை) ஏற்கெனவே இருக்கிறது. எனவே யூமாஸ்க் 002-ஆல் புதிதாக ஆபத்து வந்துவிடவில்லை. அதை மாற்றப் போவதில்லை. வெளியீட்டு பில்டைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயமானது. அதை இந்த கேஷிலிருந்து பிரித்துவிடுகிறோம்.